டீபக்கரோடு ஓயாமல் பேசும் நிரல்

ஜிடிபி என்ற டீபக்கரின் சோதனைகளை ஓட்ட 'மேக் செக்' என்று தட்டி என்டரை அழுத்திவிட்டு, பதிவுக் கோப்பைத் திறந்து பாருங்கள். விசைப்பலகையில் யாருடைய விரலும் இல்லை. ஆனால் உள்ளே யாரோ ஜிடிபியோடு பேசிக்கொண்டே இருக்கிறார்கள்! மெயினில் நிறுத்து என்று கட்டளை போகிறது, நிறுத்திவிட்டேன் என்று பதில் வருகிறது. அந்த மாறியில் என்ன இருக்கிறது? ஐந்து. சரி, அடுத்த வரிக்குப் போ! லினக்ஸில் முழுச் சோதனையும் ஓடி முடிந்தால் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட 'பாஸ்'கள் குவிந்திருக்கும். எனக்கு அந்த எண்ணிக்கையைப் பார்க்கும்போதெல்லாம் குஷி தாங்காது.

1986-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் எழுதிய ஜிடிபி, ஓடுகிற நிரல்களைப் பாதியில் பிடித்து நிறுத்தி வயிற்றுக்குள் எட்டிப் பார்க்கும் டீபக்கர். அந்த டீபக்கரிலேயே பக் இருந்தால்? அதைப் பிடிக்கத்தான் இத்தனை பேச்சும். பேசுவது டான் லீபிஸ் உருவாக்கிய 'எக்ஸ்பெக்ட்'. அதை மேய்ப்பது 'டெஜாக்னு'. டெஜா வூவையும் க்னுவையும் முடிச்சுப் போட்டு என்ன அழகான பெயர்! எக்ஸ்பெக்ட் ஒரு போலி டெர்மினலைத் திறந்து வைத்துக்கொள்வதால், எதிரே மனிதர் உட்கார்ந்திருப்பதாகவே ஜிடிபி நடந்துகொள்ளும்.

கட்டளை எங்கும் ஒன்றுதான். அடியில் நடப்பதுதான் ஊருக்கு ஊர் வேறு. லினக்ஸில் ஜிடிபி 'பிட்ரேஸ்' வழியாகக் கர்னலிடம் போய் நிற்கிறது. விண்டோஸில் டிஎல்எல் ஏறியது, த்ரெட் பிறந்தது என்று ஒவ்வொரு நிகழ்வாகக் கர்னல் சொல்லச் சொல்லக் காத்திருந்து வாங்குகிறது. மேக் கணினி இன்னும் கெடுபிடி: முறையான சான்றிதழால் கையொப்பமிடாத ஜிடிபியை அடுத்த ப்ராசஸைத் தொடவே விடாது! சிப் மாறினாலும் கதை மாறும். இன்டெல் வகைச் சிப்பில் நிரலை நிறுத்தும் பிரேக்பாயிண்ட் என்பது அதன் நடுவே செருகிய 204 என்ற ஒற்றை பைட். அதில் தடுக்கி நின்றதும் முகவரி ஒரு பைட் தாண்டிப் போயிருக்கும். டீபக்கர் அதைப் பின்னுக்கு இழுத்துவிட வேண்டும். 64 பிட் ஆர்மில் நான்கு பைட் செருகவேண்டும், பின்னுக்கு இழுக்கும் வேலை கிடையாது. இவ்வளவும் மறைவில் நடக்க, 'மெயினில் நின்றேன்' என்ற அதே பதில் வந்தாக வேண்டும்.

மதிப்பெண் தாளில் பாஸ், ஃபெயில் மட்டும் இல்லை. 'எக்ஸ்ஃபெயில்' என்றால் கோளாறு கம்பைலரிலோ இயங்குதளத்திலோ இருக்கிறது, ஜிடிபியில் இல்லை. 'கேஃபெயில்' என்றால் தப்பு ஜிடிபியுடையதுதான், பக் எண்ணோடு ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது. இப்படிப் பழியைப் பிரித்து எழுதிவைக்கும் நேர்மை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இருங்கள், இதையெல்லாம்விடப் பிடித்த ஒன்றை இன்னும் காட்டவில்லை. சில சோதனைகள் இன்று பாஸ், நாளை ஃபெயில், மறுநாள் மறுபடி பாஸ். ஜிடிபியின் பதில் சில நேரம் முழுதாக வரும், சில நேரம் துண்டு துண்டாக வரும். '= 1' வந்தாலே போதும் என்று அவசரமாக எழுதிய சோதனை, '= 12' என்ற பதிலின் பாதியிலேயே பாஸ் போட்டுவிட்டு நகர்ந்துவிடும். மீதி '2' அடுத்த சோதனையின் பதிலோடு ஒட்டிக்கொண்டு அதைக் கெடுக்கும். இந்தத் திருடனைப் பிடிக்க 'செக் ரீட்ஒன்' என்று ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள் பாருங்கள்! எக்ஸ்பெக்ட் டெர்மினலிலிருந்து படிக்கும் 'ரீட்' செயலையே இடைமறித்து, ஒரு தடவைக்கு ஒரே ஒரு பைட்தான் கொடுப்பார்கள். எப்போதாவது அதிர்ஷ்டம் கெட்டால் நேர்வது இப்போது ஒவ்வொரு முறையும் நேரும். ஒரு எழுத்து. இன்னொரு எழுத்து. அவசரக்காரச் சோதனை '1' வந்ததுமே துள்ளிக் குதித்துப் பாஸ் போடுகிறது. பின்னாலேயே தனியாக வந்து நிற்கிறது அந்த '2'. மாட்டிக்கொண்டது!