அடிபட்ட ஆசிரியர் மீண்டும் மாணவர் ஆனார்!

யோகாசன ஆசிரியருக்கு உடம்புதான் மூலதனம். கைகால் நன்றாக இருந்தால்தான் மாணவர்களுக்குச் செய்து காட்ட முடியும். திடீரென்று அடிபட்டுவிட்டால் அவர் என்ன செய்வார்?

உலகப் புகழ் பெற்ற பி.கே.எஸ். அய்யங்காருக்கே இந்தச் சோதனை வந்தது. அப்போது அவருக்கு வயது 60!

நோயாளிச் சிறுவன்

அய்யங்கார் 1918-ம் ஆண்டு கர்நாடகத்தில் உள்ள பெல்லூரில் பிறந்தார். சிறு வயதில் மலேரியா, டைபாய்டு, காசநோய் என்று ஒன்று மாற்றி ஒன்று அவரை வாட்டியது.

அவருடைய அக்காள் கணவர் கிருஷ்ணமாச்சாரியார். மைசூர் மன்னரின் ஆதரவில் யோகாசனம் கற்பித்து வந்தவர். 1934-ல் அவரிடம் போய்ச் சேர்ந்தார் அய்யங்கார்.

அங்கேயே முதல் காயமும் பட்டது. கூட்டத்தின் முன்னால் அனுமனாசனம் செய்யும்படி குரு கட்டளையிட்டார். ஒரு காலை முன்னாலும் மறு காலைப் பின்னாலும் நீட்டித் தரையில் அமரும் ஆசனம் அது. பழகாத ஆசனம்! தொடையின் பின்புறத் தசை கிழிந்துவிட்டது. நெடுநாள் நடக்கவே சிரமப்பட்டதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

1937-ல் புனே நகருக்குச் சென்று ஆசிரியரானார். 200-க்கு மேற்பட்ட ஆசனங்களை விளக்கி அவர் எழுதிய புத்தகம் 1966-ல் வெளிவந்தது. புகழ் உலகெங்கும் பரவியது.

இரண்டு விபத்துகள்

1979-ம் ஆண்டு ஸ்கூட்டர் விபத்தில் சிக்கினார். சில மாதங்களுக்குள் மறுபடியும் ஒரு ஸ்கூட்டர் விபத்து! முதுகெலும்பு, தோள், முழங்கால் எல்லாம் பாதிக்கப்பட்டன.

எத்தனையோ பேருக்குக் கற்றுக் கொடுத்த ஆசனங்கள். இப்போது அவருக்கே வரவில்லை!

அய்யங்கார் சோர்ந்துவிட்டாரா? இல்லை. புதிதாக வந்த மாணவரைப் போல, ஆரம்பப் பாடத்தில் இருந்து தொடங்கினார். நேற்று முடிந்தது இன்று முடியவில்லையே என்று உடம்போடு மல்லுக்கு நிற்கவில்லை. முடிந்த அளவு செய்தார். தினமும் செய்தார். இழந்ததைத் திரும்பப் பெறப் பல ஆண்டுகள் ஆயின.

கட்டையும் கயிறும்

மரக்கட்டை, வார், கயிறு, நாற்காலி ஆகியவற்றின் உதவியுடன் ஆசனம் செய்யும் முறையை விபத்துக்கு முன்பே அவர் உருவாக்கி இருந்தார்.

குனிந்தால் கை தரைக்கு எட்டவில்லையா? கைக்குக் கீழே கட்டையை வைக்கலாம். பாதத்தைப் பிடிக்க முடியவில்லையா? பாதத்தில் வாரை மாட்டி இரு முனைகளையும் பிடித்துக் கொள்ளலாம். தசையை வெடுக்கென்று இழுக்க வேண்டியதில்லை.

மாணவர்களுக்கு உதவிய அந்தக் கருவிகள், ஆசிரியருக்கும் கைகொடுத்தன. வலியால் துடிப்பவரின் கஷ்டம் அவருக்கு இன்னும் நன்றாகப் புரிந்தது.

படுக்கையில் குரு

குரு கிருஷ்ணமாச்சாரியார் பின்னாளில் சென்னையில் குடியேறினார். 96-வது வயதில் அவருக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. படுத்த நிலையிலேயே செய்யக்கூடிய பயிற்சிகளைத் தனக்காக அவரே வகுத்துக்கொண்டார். 1989-ல், 100-வது வயதில் காலமானார்.

கவனிக்க வேண்டியவை

இவர்கள் வாழ்நாள் முழுவதும் பயிற்சி செய்தவர்கள். மற்றவர்கள் அவசரப்படக் கூடாது. ஆசனம் செய்யும்போது சுளீர் என்று வலித்தால் உடனே நிறுத்த வேண்டும். வீக்கம், மரத்துப்போதல் இருந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். புண் ஆறுவதற்கு முன் பழைய வேகத்தில் இறங்கினால், சிறு காயமும் பெரிதாகிவிடும்.

ஆசிரியர்களுக்கும் இது பொருந்தும். மாணவர்கள் பார்க்கிறார்களே என்று வலியை மறைத்துக்கொண்டு செய்து காட்டுவது வீரம் அல்ல. வாயால் சொல்லியும், நன்றாகச் செய்யும் மாணவரை முன்னால் நிறுத்தியும் பாடம் நடத்தலாம்.

பொறுமைக்குப் பலன் உண்டு. 90 வயதைத் தாண்டிய பிறகும் அய்யங்கார் சிரசாசனம் செய்தார். 2014-ல் அவருக்குப் பத்ம விபூஷண் விருது கிடைத்தது. அதே ஆண்டு ஆகஸ்டு மாதம், 95-வது வயதில் அவர் காலமானார்.