மேல்படிப் பழசும் கீழ்ப்படிப் புதுசும்

ஊரும் கருவியும் – 17

ஆவணி முகூர்த்தங்கள் நெருங்கும்போது அபிராமம், கமுதி, பார்த்திபனூர்ப் பக்கத்துப் போட்டோக்காரர்களிடம் ஒரு கேள்வி சுற்றிவரும். கையில் இருக்கிற தொகைக்குப் பழைய டிஎஸ்எல்ஆர் ஒன்றை செகண்ட் ஹேண்டில் எடுப்பதா, பெட்டி பிரிக்காத மிரர்லெஸ் எடுப்பதா? பழசு என்றால் ஒருகாலத்தில் லட்சத்துக்கு மேல் விற்ற கேனான் 5டி மார்க் 3 அல்லது நிக்கான் டி750. புதுசு என்றால் கேனான் ஆர்50. கை இன்னும் கடித்தால் ஆர்100. இன்றைக்கு இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே தொகையில் வந்து நிற்கின்றன.

“இனிமே எல்லாம் மிரர்லெஸ்தாண்ணே, இதுல யோசிக்க என்ன இருக்கு” என்று இளவட்டங்கள் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அவர்கள் சொல்வதில் பாதி சரி. கேனானும் நிக்கானும் 2020-க்குப் பிறகு புதிய உயர்நிலை டிஎஸ்எல்ஆர் எதையும் கொண்டுவரவில்லை. ஆனால் இந்தப் போட்டியைப் பழைய தொழில்நுட்பத்துக்கும் புதிய தொழில்நுட்பத்துக்கும் நடப்பதாகப் பார்ப்பதில்தான் கோளாறு. 5டி மார்க் 3, 2012-இல் கேமராவை வைத்துச் சோறு தின்கிறவனுக்காகச் செய்யப்பட்டது. ஆர்50, 2023-இல் முதன்முதலாகக் கேமரா வாங்குகிறவனுக்காகச் செய்யப்பட்டது. ஒன்று மேல்படியில் பிறந்து வயதாகிக் கீழே இறங்கி வந்தது. மற்றது கீழ்ப்படியிலேயே பிறந்தது. கீழ்ப்படிக்காரனுக்கு எதை எல்லாம் கொடுக்க வேண்டாம் என்று கம்பெனி உட்கார்ந்து யோசித்திருக்கும். அந்தக் கொடுக்காத பட்டியலைத்தான் வாங்குகிறவர் முதலில் படிக்க வேண்டும்.

உள்ளே என்ன நடக்கிறது என்று சுருக்கமாகப் பார்த்துவிடலாம். டிஎஸ்எல்ஆரில் லென்ஸ் வழியாக வரும் வெளிச்சத்தை 45 பாகைச் சாய்வில் நிற்கும் கண்ணாடி மேலே திருப்பிவிடும்; அது ஐங்கோணப் பட்டகம் வழியாக நம் கண்ணுக்கு வரும். பட்டனை அழுத்தினால் கண்ணாடி சடக்கென்று மேலே எழும், ஷட்டர் திறக்கும், சென்சாரில் படம் விழும். ஃபோகஸ் பார்ப்பதற்கு உடம்பின் அடியில் தனியாக ஓர் உறுப்பு உண்டு. மிரர்லெஸ்ஸில் கண்ணாடி கிடையாது. சென்சாரே பார்க்கிறது, சென்சாரே ஃபோகஸ் செய்கிறது. நாம் பார்ப்பது ஒரு சின்னத் திரையை. கண்ணாடி ஆடுவதற்கு இடம் வேண்டாம் என்பதால் லென்ஸ் சென்சாருக்கு நெருங்கி வந்துவிட்டது. கேனான் இஎஃப் மவுண்ட்டில் அந்த இடைவெளி 44 மில்லிமீட்டர், ஆர்எஃப் மவுண்ட்டில் 20. உடம்பு இளைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். பேட்டரி, கார்டு எல்லாம் சேர்ந்தும் ஆர்50-இன் எடை 375 கிராம்தான். 5டி மார்க் 3 அதைப்போல இரண்டரை மடங்கு கனக்கும்.

இனி மண்டபத்துக்குள் போவோம்.

நம் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் வெளிச்சம் என்பது பெரிய தலைவலி. மேடையில் ஊதாவும் சிவப்புமாக எல்இடி, கீழே பந்திக்கூடத்தில் மஞ்சள் டியூப், வாசலில் சீரியல் செட். ஆர்50-உடன் பெட்டியில் வருவது 18-45 கிட் லென்ஸ். 45-க்கு இழுத்தால் அதன் வாய் எஃப்/6.3-க்குச் சுருங்கிவிடும். அதே இடத்தில் எஃப்/1.8 உள்ள 50 எம்எம் லென்ஸ் 12 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். ‘புதுக் கேமராவில் நைட் படம் கிரெயின்ஸ் அடிக்குது’ என்ற புகார்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் இந்தக் கிட் லென்ஸ்தான், பாடி அல்ல. இதற்கு மேல் சென்சாரின் அளவு வேறு இருக்கிறது. 5டி, டி750 இரண்டும் ஃபுல் ஃபிரேம். ஆர்50-இன் சென்சாரைவிடப் பரப்பில் இரண்டரை மடங்குக்கும் அதிகம். 5டி பதினோரு வருடம் மூத்ததாக இருந்தாலும் இருட்டில் அந்தப் பரப்பு இன்றும் பேசுகிறது.

பேசாத இடமும் உண்டு. 5டி மார்க் 3-இல் எடுத்த படத்தின் நிழல் பகுதியைக் கம்ப்யூட்டரில் தூக்கினால் புள்ளியும் கோடுமாகக் கிளம்பும். அந்தத் தலைமுறைக் கேனான் சென்சார்களுக்கே உரிய நோய் அது. டி750-இல் இந்தத் தொல்லை இல்லை. ஆர்50-இலும் வெகு குறைவு. மாப்பிள்ளையின் கறுப்பு கோட்டில் மடிப்பு தெரிய வேண்டும் என்று ஆல்பம் டிசைனர் ஸ்லைடரை இழுக்கும்போதுதான் இந்த வித்தியாசம் வெளியே வரும்.

பிளாஷுக்கு வருகிறேன். ஆர்50-இன் தலைமேல் இருக்கும் ஷூவில் பழைய பிளாஷுகளுக்கான கம்பித் தொடர்புகள் இல்லை. கேனானின் புதிய வகைத் தொடர்புகள் மட்டுமே உண்டு. கடையில் ஏற்கெனவே கிடக்கும் பிளாஷும் ட்ரிக்கரும் அதில் வேலை செய்ய வேண்டுமானால் ஏடி-இ1 என்ற இணைப்பைத் தனியாக வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டும். மூன்று குடை லைட் வைத்துக் குடும்பப் படம் எடுக்கிற ஆள், இது தெரியாமல் வாங்கிவிட்டு மணவறைக்கு முன்னால் நின்றால் என்ன ஆகும்? இதை விளம்பரத்தில் போட மாட்டார்கள். டிஎஸ்எல்ஆர் மட்டும் யோக்கியம் என்று நினைக்கவும் வேண்டாம். கடைசிக் காலத்தில் வந்த மலிவு விலை டிஎஸ்எல்ஆரான கேனான் 200டி மார்க் 2-இல் ஷூவின் நடுத் தொடர்பையே எடுத்துவிட்டார்கள். கீழ்ப்படியில் பிறந்ததற்கு எந்தச் சாதியானாலும் இதே கதிதான்.

அடுத்தது கார்டு. 5டி மார்க் 3-இலும் டி750-இலும் இரண்டு கார்டு போடலாம். ஒரே படம் இரண்டிலும் பதியும். ஆர்50-இல் ஒன்றே ஒன்று. இது பெரிய விஷயமா என்று கேட்கிறவர், தாலி கட்டிய படம் இருந்த கார்டு திறக்கவில்லை என்று பெண் வீட்டாரிடம் போய்ச் சொல்ல நேர்ந்தால் எப்படி இருக்கும் என்று ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும். நிக்காஹை இன்னொரு தடவை நடத்தச் சொல்ல முடியுமா?

பேட்டரிக் கணக்கும் அப்படித்தான். கேமராக் கம்பெனிகளின் பொது அளவீட்டுப்படி டி750 ஒரு சார்ஜில் 1,230 படம் எடுக்கும், 5டி மார்க் 3 950 படம் எடுக்கும். ஆர்50 எடுப்பது முந்நூறு நானூறு. அதில் எப்போதும் ஒரு திரை எரிந்துகொண்டே இருக்கிறது அல்லவா? முதல் நாள் மாலை நலங்கில் தொடங்கி மறுநாள் மதியப் பந்தி வரை ஓட வேண்டுமென்றால் மூன்று நான்கு பேட்டரியாவது பையில் இருக்க வேண்டும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு மறுபக்கத்தை மறைத்தால் நியாயமில்லை. தாலி கட்டும் நேரத்தில் எட்டுப் பேர் குறுக்கே தலையை நீட்டுவார்கள். டிஎஸ்எல்ஆரின் ஃபோகஸ் புள்ளிகள் எல்லாம் சட்டத்தின் நடுவில் கூட்டமாக நிற்கும். பெண்ணின் முகம் ஓரத்தில் இருந்தால் நடுவில் ஃபோகஸ் பிடித்துக் கேமராவை நகர்த்த வேண்டும், எஃப்/1.8-இல் அந்த நகர்த்தலிலேயே கூர்மை கண்ணை விட்டுக் காதுக்குப் போய்விடும். ஆர்50 கண்ணைக் கண்டுபிடித்து விடாமல் பிடித்துக்கொள்ளும், சட்டத்தின் எந்த மூலையில் இருந்தாலும். தனி ஃபோகஸ் உறுப்புக்கும் சென்சாருக்கும் மயிரிழை விலகி டிஎஸ்எல்ஆரில் வரும் முன்-பின் ஃபோகஸ் கோளாறுக்கு இங்கே வழியே இல்லை. வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி, நடுப்பகல் வெயில் என்றால் பட்டனை அழுத்தும் முன்பே படம் வெளுக்கப்போவது திரையில் தெரிந்துவிடும். எலக்ட்ரானிக் ஷட்டர் வைத்தால் துஆ ஓதும்போது சடக் சடக் என்ற சத்தமும் இல்லை. ஆனால் அதை எல்இடி வெளிச்சத்தில் போட்டால் படத்தில் வரிவரியாகக் கோடு விழும். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். பல விளக்குகள் நொடிக்கு நூறு முறை துடிக்கின்றன. 1/50 அல்லது 1/100 வைத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

வீடியோ என்று வந்துவிட்டால் பேச்சே வேண்டாம். 5டி மார்க் 3-இல் வீடியோ ஓடும்போது ஃபோகஸ் தானாகத் தொடராது; கையால்தான் சுற்ற வேண்டும். டி750 தேடித் தேடித் திணறும். ஆர்50 6கே அளவில் படித்து, ஓரம் வெட்டாமல் 4கே தருகிறது, முகத்தையும் தொடர்கிறது. இன்றைக்கு வளைகாப்பு வீட்டிலிருந்து காதணி விழா வரை எல்லோரும் முதலில் கேட்பது ரீல்ஸ்தான், ஆல்பம் அப்புறம். ஆர்100-ஐ மட்டும் நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அதில் 4கே வெட்டுப்பட்டு வரும். திரை திரும்பாது, தொட்டாலும் கேட்காது.

மண்டபத்தை விட்டுக் கண்மாய்க்குப் போனால் கணக்கு வேறு. முதுகுளத்தூர்ப் பக்கம் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்கள் 1989-இலிருந்து பறவைச் சரணாலயங்கள்; 2022-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தன. இதே மாவட்டத்துத் தேர்த்தங்கலும் சக்கரக்கோட்டையும் 2025-இல் சேர்ந்தன. வடகிழக்குப் பருவமழை கண்மாயை நிரப்பினால் ஐப்பசிக்கு மேல் கருவேல மரங்களில் கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் கூடு கட்டும். மழை பொய்த்தால் எந்தக் கேமராவாலும் பயனில்லை.

இங்கே ஆர்50-க்கு இரண்டு பலம். பறவையின் கண்ணை அதுவே தேடிப் பிடிக்கும். இன்னொன்று லென்ஸ் சம்பந்தப்பட்டது. டிஎஸ்எல்ஆரின் ஃபோகஸ் உறுப்புக்கு அகலமான ஒளிக்கற்றை வேண்டும். லென்ஸின் வாய் எஃப்/5.6-க்கு மேல் சுருங்கினால் பெரும்பாலான உடல்களில் அது தடுமாறும். மிரர்லெஸ்ஸுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லாததால் கேனான் 2021-இல் எஃப்/5.6-8 அளவில் 100-400 லென்ஸ் ஒன்றைக் கொண்டுவர முடிந்தது. எடை 635 கிராம். கரை மேல் வெயிலில் காலையெல்லாம் நிற்கிறவருக்கு இதன் அருமை தெரியும். சத்தமில்லாத ஷட்டர் கூட்டில் இருக்கும் பறவைக்கும் நல்லது. ஆனால் அதே ஷட்டரில் பறக்கும் பறவையை எடுத்தால் இறக்கை வளைந்து வரும். மலிவு சென்சார் மேலிருந்து கீழாக மெதுவாகப் படிப்பதால் வரும் வினை அது.

கருவியைப் பற்றி ரொம்பக் கவலைப்படுகிறவர்களுக்கு மா. கிருஷ்ணனை நினைவூட்ட ஆசை. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், 1912-இல் பிறந்து 1996-இல் மறைந்தவர். நம் காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர். வெவ்வேறு கேமராக்களின் பாகங்களை ஒட்டிச் சேர்த்துத் தனக்கென்று ஒரு கேமராவை உருவாக்கிக்கொண்டு, அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று கேலியாகப் பேரும் வைத்திருந்தார். யானையின் கண்ணைத் தேடித்தர அதில் எதுவும் இல்லை.

தனுஷ்கோடிக்குப் பூநாரை பார்க்கப் போகிறவர்கள் (2025 ஜூனில் அதற்கென்றே அங்கே சரணாலயம் அறிவிக்கப்பட்டது) ஒன்றைக் கவனிக்க வேண்டும். அரிச்சல்முனைக் காற்றில் மணலும் உப்பும் சேர்ந்தே வரும். டிஎஸ்எல்ஆரில் லென்ஸைக் கழற்றினால் சென்சாருக்கு முன்னால் கண்ணாடியும் ஷட்டரும் மறைப்பாக நிற்கும். ஆர்50 போன்றவற்றில் சென்சார் திறந்து கிடக்கும். உயர்ந்த மிரர்லெஸ்களில் அணைத்ததும் ஷட்டர் மூடிக்கொள்கிற வசதி உண்டு. கீழ்ப்படியில் அதையும் கொடுக்கவில்லை. தூசி, ஈரத் தடுப்பும் கிடையாது. கடற்கரையிலும் சரி, மாசியில் புழுதி கிளம்பும் நம் கரிசல் காட்டிலும் சரி, லென்ஸ் மாற்றுவதைக் காருக்குள் வைத்துக்கொள்வது நல்லது.

ஆகவே, தனி ஆளாக மண்டப வேலை பார்த்துப் பிழைக்கிறவர் டி750-ஐயோ 5டி மார்க் 3-ஐயோ எடுத்து, மிச்சத்தை ஒரு 50 எம்எம் லென்ஸில் போடட்டும் என்பேன். ஏற்கெனவே 5டி வைத்திருப்பவர் இரண்டாவது பாடியாக ஆர்50 வாங்கி வீடியோவுக்கு விடலாம். பழைய இஎஃப் லென்ஸ்கள் அடாப்டர் போட்டால் அப்படியே ஓடும். அந்த அடாப்டர் 44-இல் 20 போக மிச்சமுள்ள 24 மில்லிமீட்டருக்கு ஒரு வெற்றுக் குழாய், உள்ளே கண்ணாடி கிடையாது. நிக்கான்காரர்களுக்கு இவ்வளவு அதிர்ஷ்டம் இல்லை. அவர்களுடைய எஃப்டிஇசட் அடாப்டரில் மோட்டார் கிடையாது என்பதால் பழைய ஏஎஃப்-டி லென்ஸ்கள் கையால் சுற்றுகிற லென்ஸ்களாகிவிடும். மலிவாகக் கிடைக்கிறதே என்று கேனான் எம்50 பக்கம் போக வேண்டாம். அந்த இஎஃப்-எம் மவுண்ட்டையே கேனான் கைவிட்டுவிட்டது. அதன் லென்ஸ்கள் ஆர்எஃப் உடம்பில் ஏறாது. சபுர் போன மச்சான் துபாயிலிருந்து புதுசு கொண்டுவருகிறார் என்றால், அங்கே வாங்கியதற்கு இங்கே வாரண்டி செல்லுமா என்று முதலில் கேளுங்கள், பெரும்பாலும் செல்லாது.

பழசு எடுப்பவர்கள் பார்க்க வேண்டியவை சில. 5டி மார்க் 3, டி750 இரண்டின் ஷட்டருக்கும் கம்பெனி சொன்ன ஆயுள் 1,50,000 கிளிக். நிக்கானில் ஒரு படம் எடுத்து அதன் விவரத்தைப் பார்த்தாலே கவுண்ட் தெரியும். கேனானில் கேபிள் போட்டு மென்பொருள் வழியாகப் பார்க்க வேண்டும். விற்பவர் வாயால் சொல்லும் எண்ணுக்கு மதிப்பில்லை. எஃப்/16 வைத்து வெள்ளைச் சுவரை எடுத்தால் சென்சார் அழுக்கு கரும்புள்ளியாகத் தெரியும்; அது துடைத்தால் போய்விடும். லென்ஸுக்குள் டார்ச் அடித்து ஃபங்கஸ் இருக்கிறதா பாருங்கள். நூல் நூலாகத் தெரிந்தால் வேண்டாம் என்று எழுந்துவிடுங்கள். இரண்டு கார்டிலும் எழுதிப் பாருங்கள், பிளாஷ் போட்டுப் பாருங்கள். டி750 என்றால் அடியில் இருக்கும் தொடர் எண்ணைக் குறித்துக்கொண்டு நிக்கான் இணையதளத்தில் ஒருமுறை சரிபாருங்கள். ஷட்டர் கோளாறு உள்ள சில தொகுதிகளைத் திரும்ப அழைத்து நிக்கான் இலவசமாக மாற்றித் தந்தது. அந்தத் தொகுதியில் வந்ததாக இருந்து இன்னும் மாற்றாமலே இருந்தால், விலையில் அதைக் கழித்துக்கொண்டு பேசுங்கள்.