முக்குளிப்போரும் கடலிற் பிழைக்கும் கல்வியும்



அரசலாறு கடலோடு கலக்கும் இடத்தை அறியாதவர் காரைக்காலில் எவரும் இலர். கிளிஞ்சல்மேட்டிலும் பட்டினச்சேரியிலும் வாழும் மீனவர் வீட்டுப் பிள்ளைகள் நடை பழகும் பருவத்திலேயே நீந்தவும் பழகிவிடுகின்றனர். "நீந்தத் தெரிந்தவனுக்குக் கடலில் என்ன அச்சம், ஐயா?" என்று என்னிடம் பயின்ற மாணவர் பலர் வினவியதுண்டு. நீந்துவது வேறு; கடலிற் பிழைத்திருப்பது வேறு. முன்னது உடலின் திறமை; பின்னது முன்கூட்டியே கற்றுப் பழக வேண்டிய கல்வி. காற்றுக் கலத்தை முதுகிற் சுமந்து நீருக்கடியிற் செல்லும் ஸ்கூபா முக்குளிப்போரை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்க விரும்புகின்றேன். நம் கரையோரக் கடல் ஆற்று வண்டலாற் கலங்கியது. ஆழத்தைக் கண்டு களிப்பதற்கு ஏற்றதன்று. ஆகவே இக்கலையை விரும்பும் நம் இளைஞர் புதுச்சேரிக்கும் அந்தமானுக்கும் இலட்சத்தீவுக்கும் செல்கின்றனர். செல்வோர் இதனை அறிந்து செல்லுதல் நலம்.

முக்குளித்தல் தமிழருக்குப் புதியதன்று. தூத்துக்குடிக் கடலின் முத்துப் பார்களிற் குளித்தவர்கள், கல்லொன்றின் மீது காலை ஊன்றி, அதன் கனத்தினால் விரைந்து அடித்தளத்தை அடைவர். ஏறத்தாழ ஒரு நிமிடம் மூச்சடக்கிச் சிப்பிகளைக் கூடையில் நிரப்புவர். பின்னர்க் கயிற்றை அசைத்தால், தோணியில் இருப்பவர் மேலே இழுப்பார். அக் கயிற்றைப் பிடிக்கும் பொறுப்பை மைத்துனனிடமே ஒப்படைப்பர் என்று வழிவழியாகச் சொல்லக் கேட்டிருக்கிறோம். தன் உடன்பிறந்தாளின் தாலி அக் கயிற்றில் இருப்பதை அவன் மறவான் அன்றோ! 1961-ஆம் ஆண்டோடு அங்கே முத்துக்குளிப்பு நின்றுபோயிற்று. ஆயினும் அது கற்பித்த பாடம் நிற்கின்றது: கீழே இருப்பவனின் உயிர், மேலே விழித்திருப்பவனின் கையில் உள்ளது.

1943-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரியான ழாக் கூஸ்தோவும், பொறியியல் அறிஞரான எமீல் கஞ்ஞானும் ஒரு கருவியை உருவாக்கினர். காற்றுக் கலத்திலிருந்து, மூச்சிழுக்கும் பொழுது மட்டும், ஆழத்தின் அழுத்தத்திற்கேற்பக் காற்றை அளிப்பது அது. நம் காரைக்காலும் அப்பொழுது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. அக்கருவியால் மனிதன் மீனைப் போல விருப்பம்போல் உலவலானான். ஆனால், விடுதலை பெற்ற அதே கணத்தில், அவனைத் தோணியோடு பிணைத்திருந்த கயிறும் அறுந்தது.

அதனால் நேரும் கேடு யாதென 1998-ஆம் ஆண்டு ஜனவரி 25-ஆம் நாள் உலகம் கண்டது. ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில் முக்குளித்த அமெரிக்கத் தம்பதியர் இருவர் நீருக்கடியில் இருக்கும்பொழுதே, ஆட்களை எண்ணியதில் நேர்ந்த பிழையால், படகு கரை திரும்பிவிட்டது. அவர்களைக் காணவில்லை என்பதே இரண்டு நாட்கள் கழித்துத்தான் உணரப்பட்டது. அவர்கள் மீளவே இல்லை. ஆட்களைச் சரியாக எண்ணுவதற்கு நீந்தத் தெரிய வேண்டுமா? ஒன்று, இரண்டு சொல்லத் தெரிந்தாற் போதும். அதனைத் தவறாமற் செய்யும் ஒழுங்கே வேண்டும்.

அறுந்த அக்கயிற்றை ஒழுங்கினால் மீண்டும் முடிவதே கடலிற் பிழைக்கும் பயிற்சியின் சாரம். முதலாவது, முக்குளிப்போர் எவரும் தனியே இறங்குவதில்லை. இருவர் இருவராகவே செல்வர். ஒருவர் கருவியை மற்றவர் சோதிப்பார். ஒருவருக்குக் காற்றுக் குறைந்தால் மற்றவர் தம் காற்றைப் பகிர்வார். படகில் ஒருவர் காவல் இருப்பார். செல்லும் இடமும் திரும்பும் நேரமும் கரையில் உள்ளவருக்குத் தெரிந்திருக்கும்.

இரண்டாவது, மேலேறும் முறை. மாணவர்களே, வாயுவின் அழுத்தம் பாதியானாற் கன அளவு இருமடங்காகும் என்று பாயிலின் விதியிற் படித்தீர்கள். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் நீர்மட்டத்தில் உள்ளதைப்போல் இருமடங்கு. அங்கே நுரையீரல் நிறையக் காற்றை இழுத்து, மூச்சையடக்கி மேலே வருபவனுடைய நுரையீரலை, விரியும் அக்காற்றே கிழித்துவிடும். ஆகவே கலத்துக் காற்றைச் சுவாசிப்பவன் ஒருபொழுதும் மூச்சை அடக்கலாகாது. நிமிடத்திற்கு 9 மீட்டருக்கு மிகாமல் ஏறுதல் வேண்டும். 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் தங்குவது நன்று. விரைந்து ஏறினால், இரத்தத்திற் கரைந்துள்ள நைட்ரஜன், சோடாப் புட்டியைத் திறந்தாற்போலக் குமிழிகளாக வெளிப்பட்டு, உடலை முடக்கும். இவ்விதி தேர்வுத்தாளுக்கு மட்டும் உரியதன்று என்பதை உணர்க.

மூன்றாவது, நீர்மட்டத்திற்கு வந்து பார்க்கையிற் படகைக் காணாவிடில் செய்ய வேண்டுவது. உடனே மிதவைச் சட்டையிற் காற்றை நிரப்பி, இடுப்பில் உள்ள ஈயக் கட்டைகளைக் கழற்றி விடுதல் வேண்டும். முகமூடியைக் கழற்றலாகாது, அலை முகத்தில் அறையும். துணைவர் இருவரும் பிரியாமற் பற்றிக்கொள்ளல் வேண்டும். நீரோட்டத்தை எதிர்த்து நீந்துவோர் விரைவிற் களைப்பர். கடற்பரப்பில் மனிதத் தலை ஒரு தேங்காயினும் பெரிதாகத் தோன்றுவதில்லை. ஆதலின் செம்மஞ்சள் நிறக் காற்றுக் குழாயை உயர்த்துதல், ஊதல் ஊதுதல், கண்ணாடியால் வெயிலைத் திருப்பிக் காட்டுதல், இரவில் விளக்கை அசைத்தல் ஆகியவற்றைப் பயிற்சியிலேயே கைவரச் செய்கின்றனர்.

உடல் வெப்பத்தைக் காப்பதும் இன்றியமையாதது. நம் வங்கக் கடல் வெதுவெதுப்பானது என்று எண்ணற்க. நீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கவர்ந்து செல்லும். நெடுநேரம் கிடந்தால் நம் கடலிலும் உடல் குளிர்ந்து சோரும். முழங்காலை மார்போடு அணைத்துக் குறுகியிருத்தல், பலராயின் நெருங்கி வட்டமாய் இருத்தல் என்பன இதற்கு உபாயம். தாகம் எடுத்தாலும் கடல்நீரைப் பருகலாகாது. அதன் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உள்ளது. அத்துணை உப்பை வெளியேற்றச் சிறுநீரகம், குடித்த நீரினும் மிகுந்த நீரை உடலிலிருந்தே எடுத்துச் செலவிடும்.

இவை அனைத்திற்கும் மேலான கருவி மனம். 1952-ஆம் ஆண்டு அலேன் பொம்பார் என்னும் பிரெஞ்சு மருத்துவர், சிறிய ரப்பர்ப் படகொன்றிற் தன்னந்தனியே அட்லாண்டிக் கடலை 65 நாட்களிற் கடந்தார். மீனும் மழைநீருமே பெரிதும் துணையாயின. உடல் எடை 25 கிலோ குறைந்தது. சிறிதளவு கடல்நீரும் பருகலாம் என்ற அவர் கருத்தை இன்றைய பயிற்சி ஏற்பதில்லை. ஆனால், கப்பல் உடைந்தோருட் பலர் பசியாலும் தாகத்தாலும் இறக்குமுன், நம்பிக்கையிழந்தே மடிகின்றனர் என்று அவர் உணர்த்தியதை அனைவரும் ஏற்பர். அந்நம்பிக்கை வெறும் துணிச்சல் அன்று; செய்ய வேண்டியது இன்னதென்று அறிந்தவனுக்கே அது வாய்க்கும்.

முக்குளிக்கச் செல்லாதவரும் இதிற் கற்க வேண்டியது உண்டு. கட்டுமரத்திலோ விசைப்படகிலோ தந்தையையும் தமையனையும் கடலுக்கு அனுப்பும் இல்லங்கள் நம்மிடையே பல. அவர்கள் மிதவைச் சட்டை அணிந்தனரா, எப்பக்கம் சென்றனர், எப்பொழுது திரும்புவர் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். குறித்த வேளையில் திரும்பாவிடில், கடலோரக் காவல் படையின் 1554 என்னும் தொலைபேசி எண்ணுக்குக் காலந்தாழ்த்தாது அறிவியுங்கள். நீங்கள் கரையில் நிற்பினும், கயிற்றின் ஒரு முனை உங்கள் கையில் உள்ளது. அதனை நழுவவிடாதீர்கள்.