விரிசல் ஏன் விழுகிறது? – வகுப்பறையில் களிமண் வேலை

பள்ளிக் கண்காட்சிக்கு முந்தைய வாரம் ஏழாம் வகுப்பு மாணவர்கள் 28 பேர் ஆளுக்கொரு மண் குதிரை செய்தார்கள். ஏரிக்கரை மண். பிசையும்போது வெண்ணெய் போல வந்தது. உடலை உருட்டினோம், கால்களை ஒட்டினோம், சீக்கிரம் காயட்டும் என்று மைதானத்து வெயிலில் வரிசையாக வைத்தோம். மாலையில் போய்ப் பார்த்தால் ஒன்றுகூட முழுதாக இல்லை. கால்கள் தனியே கிடந்தன; வயிறுகள் பிளந்திருந்தன. பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள். "மண்ணு சரியில்லப்பா" என்று சொல்லி நான் தப்பித்துக்கொண்டேன்.

ஒரு மாணவி மட்டும் தயங்கித் தயங்கி, "மண்ணு நல்ல மண்ணுதான் டீச்சர். நாமதான் மணல் போடலை. வெயில்லயும் வச்சுட்டோம்" என்றாள். அவள் வீட்டில் சட்டி, பானை செய்கிறார்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். அடுத்த சனிக்கிழமை அவள் வீட்டுத் திண்ணையில் அவளுடைய பாட்டியிடம் கேட்டுக்கொண்டதும், அதன் பிறகு ஆண்டுதோறும் வகுப்பில் செய்து பார்த்ததும் சேர்ந்ததே இக்கட்டுரை. களிமண் வேலையில் பெரும்பாலான தோல்விக்குக் காரணம் கைத்திறன் குறைவு அன்று. மண்ணின் குணம் தெரியாமல் தொடங்குவதே.

மண்ணுக்குள் என்ன நடக்கிறது?

களிமண் துகள்கள் மிக நுண்ணியவை, 0.002 மில்லிமீட்டருக்கும் சிறியவை. மணலைப் போல உருண்டையாக இல்லாமல் தட்டைத் தகடுகளாக இருப்பவை. ஈரத்தில் ஒவ்வொரு தகட்டுக்கும் இடையில் தண்ணீர் இருப்பதால் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குகின்றன. அதனால்தான் களிமண் வளைகிறது, வளைத்த வடிவிலேயே நிற்கிறது.

காயும்போது அந்தத் தண்ணீர் வெளியேறுகிறது. தகடுகள் நெருங்குகின்றன. பொருள் சுருங்குகிறது. எல்லாப் பக்கமும் ஒரே வேகத்தில் சுருங்கினால் சிக்கல் இல்லை. மேற்புறம் காய்ந்து சுருங்க, உட்புறம் ஈரமாகச் சுருங்காமல் இருந்தால் மேற்புறம் பிளக்கும். மெல்லிய கால் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிட, தடித்த வயிறு இரண்டு நாள் ஈரமாக இருந்தால், இரண்டும் சேரும் இடத்தில் கால் கழன்று விழும். எங்கள் குதிரைகளுக்கு நேர்ந்தது இதுதான்.

முதலில் மண்ணைச் சோதிப்போம்

செலவில்லாத மூன்று சோதனைகள் போதும். மூன்றையும் மாணவர்களே செய்யலாம்.

1. பாட்டில் சோதனை: கண்ணாடிப் பாட்டிலில் கால் பங்கு மண்ணும் மீதி தண்ணீரும் ஊற்றிக் குலுக்கி வைக்கவும். மணல் சில நொடிகளில் அடியில் தங்கும். அதன்மேல் வண்டல் படியும். களி மறுநாள் வரைகூட நீரைக் கலங்கலாக வைத்திருக்கும். எந்த அடுக்கு எவ்வளவு என்று அளவுகோலால் அளக்கலாம்.

2. திரிச் சோதனை: பிசைந்த மண்ணைப் பென்சில் கனத்துக்குத் திரியாக உருட்டி, விரலில் மோதிரம் போலச் சுற்றவும். உடையாமல் சுற்றினால் நல்ல பதம். வெடிப்பு விட்டால் களி போதாது அல்லது ஈரம் போதாது. விரலோடு ஒட்டிப் பிசுபிசுத்தால் களி மிகுதி அல்லது தண்ணீர் மிகுதி.

3. சுருக்கச் சோதனை: மண்ணை ஒரு சென்டிமீட்டர் கனத்தில் தகடாகத் தட்டி, அதில் சரியாக 10 சென்டிமீட்டர் நீளக் கோடு கீறவும். முழுதும் காய்ந்தபின் கோட்டை அளக்கவும். 9.2 சென்டிமீட்டர் இருந்தால் சுருக்கம் 8 விழுக்காடு. மணல் கலந்த தகடு, கலக்காத தகடு என்று இரண்டு செய்தால் வேறுபாடு கண்ணுக்கே தெரியும். விழுக்காடு பாடத்துக்கு இதைவிட நல்ல கணக்கு எனக்குக் கிடைத்ததில்லை.

ஊருக்கு ஊர் மண் வேறு

குளம், ஏரிகளில் படியும் வண்டல் களி உருவம் செய்ய ஏற்றது. கல், வேர், கிளிஞ்சல் நீக்கினால் போதும். கரிசல் மண் உள்ள பகுதி ஆசிரியர்கள் கவனமாக இருக்க வேண்டும். கரிசலில் உள்ள களி, நீரை வாங்கி நிறைய உப்பும். காயும்போது நிறையச் சுருங்கும். கோடையில் கரிசல் காடு பாளம் பாளமாக வெடித்துக் கிடப்பதை மாணவர்கள் பார்த்திருப்பார்கள். அதே வெடிப்புதான் பொம்மையிலும் வரும். அங்கே மணல் அதிகம் சேர்க்க வேண்டும். செம்மண்ணில் பெரும்பாலும் மணல் மிகுதி. தனியாக வைத்து உருட்டினால் உதிரும். அதைக் குளத்துக் களியோடு கலக்கலாம், கரைத்து வண்ணமாகவும் பூசலாம். புற்று மண் நயமானது. ஆனால் பாம்புக்கும் கரையானுக்கும் அது வீடு. மாணவர்களை அனுப்பி எடுக்கச் சொல்லக் கூடாது.

நீர்நிலைகளில் நாமாக மண் அள்ளுவதைவிட, மண்பாண்டம் செய்வோரிடம் பக்குவப்படுத்திய மண்ணை விலை கொடுத்து வாங்குவது நல்லது. நேரமும் மிச்சம், கண்ணாடித் துண்டு கையில் குத்தும் அச்சமும் இல்லை.

மண்ணைப் பக்குவப்படுத்துதல்

காய்ந்த மண்ணை உடைத்துத் தொட்டியில் ஊற வைக்கவும். இரண்டு நாள் ஊறியபின் கரைத்துப் பழைய வேட்டித் துணியிலோ சல்லடையிலோ வடிகட்டினால் கல்லும் வேரும் நின்றுவிடும். தெளிந்த நீரை இறுத்துவிட்டு, களியைச் சாக்கின்மேல் பரப்பி, கையில் ஒட்டாத பதம் வரும்வரை விடவும்.

பிறகு சலித்த மணல் சேர்க்க வேண்டும். நான்கு பங்கு களிக்கு ஒரு பங்கு மணல் என்று தொடங்கி, சுருக்கச் சோதனை பார்த்துக் கூட்டிக் குறைக்கலாம். மணல் சுருங்காது, தண்ணீர் வெளியேற வழியும் விடும். மணலுக்குப் பதில் உடைந்த நாட்டு ஓட்டை இடித்துச் சலித்த தூளும் சேர்க்கலாம். ஐயனார் கோயில்களுக்குப் பெரிய மண் குதிரை செய்பவர்கள் மணலோடு உமியும் கலப்பது இதற்காகவே. சூளையில் உமி எரிந்துபோக, அந்த இடம் நுண்துளையாக நிற்கும்.

கடைசியாகப் பிசைதல். உள்ளே காற்றுக் குமிழி இல்லாதவாறு அழுத்தி, மடித்து, மறுபடி அழுத்த வேண்டும். நூலால் குறுக்கே அறுத்துப் பார்த்தால் ஓட்டை இருக்கிறதா என்று தெரியும். பிசைந்ததை ஈரத்துணி சுற்றிப் பிளாஸ்டிக் பையில் ஒரு வாரம் வைத்தால் இன்னும் இணக்கமாகும்.

நான்கு அடிப்படை முறைகள்

கிள்ளி உயர்த்துதல்: எலுமிச்சை அளவு உருண்டையின் நடுவில் கட்டைவிரலை இறக்கி, சுற்றிச் சுற்றிக் கிள்ளிச் சுவரை உயர்த்துவது. அகல்விளக்கு, கிண்ணம் இவற்றுக்கு ஏற்றது. ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் இதில் தொடங்கலாம். பென்சில் பிடிக்கத் தேவையான விரல் வலுவும் இதில் கிடைக்கும்.

திரி சுற்றுதல்: நீளத் திரிகளை உருட்டி, வட்டமாக ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி, உள்பக்கம் விரலால் தேய்த்து இணைப்பது. சக்கரம் இல்லாமலே பானை செய்யும் முறை இது. மூன்று அடுக்குக்கு ஒரு முறை சற்று உலரவிட்டு அடுத்ததை வைத்தால் சுவர் சரியாது.

தகடு முறை: இரண்டு மரச் சட்டங்களுக்கு நடுவே மண்ணை வைத்துச் சப்பாத்திக் கட்டையால் உருட்டினால் ஒரே கனத் தகடு கிடைக்கும். பெட்டி, பெயர்ப்பலகை, இலை அச்சு, மாவட்ட வரைபடம் எல்லாம் இதில் வரும்.

ஒட்டுதல்: எங்கள் குதிரைகளின் கால் கழன்றதற்கு இன்னொரு காரணம், வெறும் தண்ணீர் தொட்டு ஒட்டியது. ஒட்டும் இரு முகங்களிலும் ஈர்க்குச்சியால் குறுக்கும் நெடுக்கும் கீற வேண்டும். அதே மண்ணைத் தயிர்ப் பதத்தில் கரைத்த குழம்பைப் பூசி, சற்று அசைத்து அழுத்த வேண்டும். சேர்ந்த இடத்தைச் சுற்றி ஒரு மெல்லிய திரி வைத்துத் தேய்த்துவிட வேண்டும். இரண்டு துண்டும் ஒரே அளவு ஈரமாக இருப்பது முக்கியம்.

உருவம் எதுவானாலும் விரல் கனத்துக்கு மேல் தடிப்பு வேண்டாம். பெரிய உடலை முதலில் முழுதாகச் செய்து, பாதி காய்ந்ததும் நூலால் இரண்டாக அறுத்து, கரண்டிக் காம்பால் உள்ளே குடைந்து, மறுபடி ஒட்டலாம். காற்றுப் போக ஊசி ஓட்டை ஒன்று விட வேண்டும்.

காயவைத்தலும் சுடுதலும்

காயவைப்பது நிழலில்தான். முதல் இரண்டு நாள் செய்தித்தாள் மூடி, நாளுக்கொரு முறை திருப்பி வைக்க வேண்டும். மெல்லிய பாகங்களுக்கு மட்டும் ஈரத்துணி சுற்றினால் தடித்த பாகத்தோடு சேர்ந்து காயும். வெயில் கடைசி நாளில் மட்டும்.

காய்ந்த களிமண் தண்ணீர் பட்டால் மீண்டும் சேறாகும். சுட்ட மண் ஆகாது. ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது துகளோடு வேதியியல் முறையில் பிணைந்திருந்த நீரும் வெளியேறிவிடுவதே காரணம். மீள் மாற்றம், மீளா மாற்றம் இரண்டையும் கற்பிக்க, காய்ந்த அகல் ஒன்றையும் சுட்ட அகல் ஒன்றையும் இரண்டு கிண்ணத் தண்ணீரில் போட்டுக் காட்டினால் போதும். மண்ணில் உள்ள இரும்பால், நன்கு காற்றுப் புகும் சூளையில் பொருள் சிவப்பாகும். காற்றைத் தடுத்துப் புகை மூட்டினால் கறுப்பாகும். கீழடியில் கிடைத்த கறுப்பு-சிவப்புப் பானை ஓடுகளின் படத்தைக் காட்டி, ஒரே பானையில் இரண்டு நிறம் எப்படி வந்திருக்கும் என்று கேட்டுப் பாருங்கள்.

பள்ளி வளாகத்தில் சுட முயல வேண்டாம். உள்ளே ஈரம் மிச்சமிருந்தால் நீராவியால் பொருள் வெடித்துச் சிதறும். அருகில் சூளை வைத்திருப்பவரிடம் கொடுத்துச் சுட்டு வாங்கலாம்.

சூளை இல்லாத பள்ளிகளுக்கு

காகிதக் களி: பழைய தாள்களைக் கிழித்து ஊற வைத்து, ஊறிய வெந்தயம் சேர்த்து அரைத்த கூழ். நம் வீடுகளில் முறத்துக்கும் கூடைக்கும் பூசியது இதுதான். எடை குறைவு, கீழே விழுந்தாலும் எளிதில் உடையாது. முகமூடிக்கும் புடைப்பு வரைபடத்துக்கும் ஏற்றது. மூன்று பங்கு களிமண்ணில் ஒரு பங்கு காகிதக்கூழ் கலந்தால், சுடாமலே ஓரளவு உறுதியான களிமண் கிடைக்கும். நார்கள் விரிசலைத் தடுக்கும். இரண்டையும் சில நாளில் பயன்படுத்திவிட வேண்டும். வைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

மாவுக் களி: மைதா இரண்டு பங்கு, தூள் உப்பு ஒரு பங்கு, ஏறத்தாழ ஒரு பங்கு தண்ணீரைச் சிறிது சிறிதாக ஊற்றிப் பிசைந்தது. ஒரு கரண்டி எண்ணெய் சேர்த்தால் கையில் ஒட்டாது. தொடக்க வகுப்பில் எழுத்து, எண் வடிவம் செய்ய நல்லது. உப்பு மிகுதி என்பதால் வாயில் வைக்காமல் பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் ஈரம் இழுத்து நெகிழும்.

கடையில் விற்கும் வண்ணக் களி: 1897 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பாத் நகரில் வில்லியம் ஹார்பட் என்ற ஓவிய ஆசிரியர், தம் மாணவர்களுக்குக் காயாத களி வேண்டும் என்று உருவாக்கிய பிளாஸ்டிசினின் வழி வந்தது. இதில் தண்ணீருக்குப் பதில் எண்ணெய் இருப்பதால் காயாது, சுருங்காது, விரிசலும் விடாது. மாதிரி செய்து கலைக்க ஏற்றது. நிலையாக வைக்க ஏற்றதன்று. அதைச் சுடக் கூடாது.

இரண்டு வகைகளை இணைத்தும் செய்யலாம். தஞ்சாவூர்ச் சாய்ந்தாடும் பொம்மைக்கு அடிப்பாகம் கனமாகவும் உருண்டையாகவும் இருக்கும். அடிக்குக் களிமண், மேலே காகிதக்கூழ் என்று செய்தால் தள்ளினாலும் நிமிர்ந்துவிடும். அடிக்கும் மேலுக்கும் களியை மாற்றிச் செய்து பார்க்கச் சொன்னால் ஈர்ப்பு மையம் பாடம் தானே வந்துவிடும்.

கவனிக்க வேண்டியவை

கையில் காயம் உள்ள மாணவர் மண்ணைத் தொட வேண்டாம். மாவுக் களி கொடுக்கலாம். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். காய்ந்த மண்தூளைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. மண் கலந்த நீரைக் கழுவுதொட்டியில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும், செடிக்கு ஊற்றலாம்.

மதிப்பிடும்போது உடையாத பொருளுக்கு மட்டும் மதிப்பெண் போடாதீர்கள். இரண்டாம் முறை நாங்கள் குதிரை செய்தபோது 28இல் 21 நின்றன. மீதி ஏழும் ஏன் விரிந்தன என்று அந்த ஏழு பேரும் நோட்டில் எழுதினார்கள். "வயிறு குடையவில்லை", "கால் மட்டும் முதல் நாளே காய்ந்துவிட்டது" என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது. அந்தப் பக்கங்களையும் குதிரைகளோடு கண்காட்சியில் வைத்தோம்.

அந்த இரண்டாம் முறை வகுப்பை நடத்தியது நானல்ல. அந்த மாணவியின் பாட்டி. பார்வையாளர் பதிவேட்டில் அவர் பெயரை எழுதி, வந்த காரணம் என்ற கட்டத்தில் "மண் வேலை சொல்லிக்கொடுக்க" என்று நிரப்பியவள் அவருடைய பேத்தி. அதுவரை வீட்டுத் தொழிலைப் பற்றி வகுப்பில் வாய் திறக்காதவள், அன்று பிள்ளைகளின் வரிசைக்கு நடுவே நடந்து ஒவ்வொருவர் கையிலும் மண்ணின் பதம் பார்த்தாள். களிமண் வாங்கக் கிளம்பும் முன், உங்கள் வகுப்பில் யார் வீட்டில் மண் வேலை நடக்கிறது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.