கிலுகிலுப்பைக்குள் ஒரு தீவு

பனங்குருத்தோலையைச் சின்னப் பெட்டியாகப் பின்னி, வாயை மூடுமுன் நாலைந்து கல்லைப் போட்டு, மிஞ்சிய ஓலையை முறுக்கிக் கைப்பிடியாக்கினால் கிலுகிலுப்பை தயார். ஆணி இல்லை, பசை இல்லை, பிளாஸ்டிக் இல்லை. யாழ்ப்பாணத் தீவுகளின் ஓலைப் பெட்டியும் கடகமும் பின்னிய கைகளுக்கு இது சின்ன வேலை.

அருங்காட்சியகக் கடைக்கு விளையாட்டுப் பொருள் தேடுவோர் இங்கிருந்தே தொடங்கலாம். பார்த்த இடத்தை அது நினைவூட்ட வேண்டும். பிள்ளை கையிலெடுத்து விளையாடவும் வேண்டும்.

கர்நாடகத்தின் சன்னபட்டணம் இதற்கு நல்ல முன்மாதிரி. அங்கே வெட்பாலை மரத்தைக் கடைந்து, சுழலும்போதே அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். உராய்வின் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் படியும். பிறகு தாழை ஓலையால் தேய்த்து மினுக்குவார்கள். 2010 நவம்பரில் தில்லி கைவினை அருங்காட்சியகத்துக்கு வந்த மிஷெல் ஒபாமா அந்தப் பொம்மைகளையும் வாங்கிச் சென்றார்.

தீவுகளுக்கு ஏற்ற உருவம் எது? நெடுந்தீவின் கட்டாக்காலிக் குதிரை. பெட்டிக்கு ஒரு கழுத்தும் பிடரி மயிராக ஓலைக் கீற்றும் சேர்த்தால் போதும்.

ஆனால் வீட்டுப் பொருள் கடைக்கு வரும்போது சில மாற்றம் தேவை. வீட்டில் அம்மம்மா பக்கத்திலிருந்து ஆட்டிக் காட்டுவார். கடையில் வாங்கும் பிள்ளைக்கு அந்தக் காவல் இராது. மூன்று வயதுக்குட்பட்டோரின் விளையாட்டுப் பொருளிலிருந்து, 31.7 மில்லிமீற்றர் விட்டமுள்ள சோதனை உருளைக்குள் அடங்கும் சிறு பாகம் கழன்று வரக்கூடாது என்பது சர்வதேசப் பாதுகாப்பு விதி. ஓலையோ வாயில் ஊறினால் நெகிழும், உள்ளிருக்கும் கல் வெளியே வரும். எனவே இரட்டைப் பின்னலிட்டு, மூன்று வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கென்றே விற்பது நல்லது.

உள்ளே குன்றிமணி கூடவே கூடாது, அது நஞ்சு. வேறு விதைகளிலும் சிக்கலுண்டு. புலம்பெயர்ந்த உறவுகள் அவுஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோனால் விமான நிலையச் சோதனையில் விதை பிடிபடும். கழுவிய கூழாங்கல்லே ஏற்றது.

ஓலை நன்றாகக் காயாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். குருத்தோலையை வெயிலில் உலர்த்தி, ஈர்க்கை நீக்கி, பின்னுமுன் சற்றே நனைப்பது பழைய முறை. 1978இல் அமைந்த பனை அபிவிருத்திச் சபை போன்ற நிறுவனங்களோடு சேர்ந்தால், இந்தக் கைத்திறனுக்குப் பயிற்சியும் சந்தையும் தேடலாம்.

ஒவ்வொரு குதிரையோடும் பின்னாத ஓலைக் கீற்று ஒன்றையும், மடிக்கும் முறையைக் காட்டும் படத்தையும் வைக்கலாம். ரொறன்ரோவில் இருக்கும் பேரப்பிள்ளை அம்மம்மாவோடு உட்கார்ந்து இரண்டாவது குதிரையைத் தானே பின்னட்டும்.