வீட்டிற் பாண் சுடுதல்: கையாலும் பொறியாலும்

நாம் உண்ணும் பாணுக்குரிய கோதுமை கடல் கடந்தே வருகின்றது. 2022ஆம் ஆண்டில் அந்நியச் செலாவணி அருகியபோது கோதுமைமாவின் விலை மிக உயர்ந்ததையும், எரிவாயுவின்றிப் பல பேக்கரிகள் மூடப்பட்டதையும் கமக்காரர் மறந்திரார். நெல் விளைவிப்போர் வீட்டிலும் அன்று பாண் அருமைப்பொருளாயிற்று. ஆதலின், பாணை வீட்டிலேயே சுடவும், அதன் மாவில் ஐந்திலொரு பங்கை நமது அரிசிமாவாக்கவும் அறிந்திருத்தல் நன்று.

ஐந்திலொரு பங்கென வரையறுத்தமைக்குக் காரணம் உண்டு. கோதுமைமாவிலுள்ள புரதம் நீருடன் சேர்த்துப் பிசையப்படும்போது இழுபடுந் தன்மையுள்ள பசையமாகின்றது. மதுவம், அதாவது ஈஸ்ற், வெளிவிடும் வாயுவை இப்பசையமே தடுத்து வைத்துப் பாணைப் பொங்கச் செய்கின்றது. அரிசிமாவில் இப்பசையம் இல்லை. அதனை அளவுமீறிச் சேர்ப்பின் பாண் செங்கல்லாகும்.

400 கிராம் கோதுமைமாவுடன் நன்கு அரித்த பச்சையரிசி மா 100 கிராம் கலக்குக. புட்டுக்கென வறுத்த மா நீரை மிகுதியாக உறிஞ்சுமாதலின் அது வேண்டாம். உலர்ந்த மதுவம் ஒன்றரைத் தேக்கரண்டி, உப்பு அதேயளவு, சீனியும் எண்ணெயும் ஒவ்வொரு மேசைக்கரண்டி சேர்த்து, ஏறத்தாழ 300 மில்லிலீற்றர் நீரைச் சிறிது சிறிதாக விட்டுக் குழைக்க.

இனிப் பிசைதல். றொட்டிக்குக் குழைப்பதுபோற் குழைத்தல் இதற்குப் போதாது. உள்ளங்கையின் அடியால் மாவை முன்னே தள்ளி நீட்டி, மடித்து, திருப்பி, மீண்டுந் தள்ளுக. 15 நிமிடமேனும் இவ்வாறு செய்தல் வேண்டும். தொடக்கத்திற் கையில் ஒட்டும். அதற்கஞ்சி மேன்மேலும் மாத் தூவுவோரின் பாண் வறண்டுபோகும். பொறுத்துப் பிசையின் ஒட்டுதல் தானே நீங்கும்.

ஈரத்துணியால் மூடிவைக்க. நமது வெப்பத்தில் ஒரு மணி நேரத்துள் மா இருமடங்காகும். அதனை அமர்த்தி, உருட்டி, எண்ணெய் பூசிய தகரத்திலிட்டு, மறுபடியும் அரை மணி நேரம் பொங்கவிடுக. 200 பாகை வெப்பமுள்ள போறணையில் அரை மணி நேரத்திற்குச் சற்று மேலாக வேகும். போறணை இல்லாதார் தடித்த சட்டியினுள் தகரத்தை வைத்து மூடி, மேலுங் கீழுந் தணல் இட்டுச் சுடலாம். அடிப்புறத்தைத் தட்டும்போது வெற்றொலி எழுமாயின் வெந்துவிட்டது. ஆறுமுன் வெட்டற்க.

பொறியும் இவ்வேலைகளையே செய்கின்றது. யப்பானில் மற்சுசிற்றா நிறுவனம் 1980களில் வீட்டுப் பாண் பொறி செய்ய முயன்றபோது பாண் சரிவர அமையவில்லை. அந்நிறுவனத்தின் இகுகோ தனாக்கா என்னும் பெண்மணி ஒசாக்கா விடுதியொன்றின் தலைமைப் பாண் தொழிலாளரிடம் பயின்று, அவர் மாவை முறுக்குவதோடு நீட்டவுஞ் செய்கின்றார் எனக் கண்டார். அதற்கேற்பக் கலத்தின் உட்புறத்தில் வரம்புகள் அமைத்த பின்னரே பொறி பயன்தந்தது; 1987இல் விற்பனைக்கு வந்தது. 2010இல் சன்யோ நிறுவனம் அரிசிமணியையே அரைத்துப் பாணாக்கும் ‘கோபன்’ என்னும் பொறியை வெளியிட்டது. வழக்கமான முறையில் அதற்குங் கோதுமைப் பசையம் சிறிது சேர்க்கவேண்டியிருந்தது. (யப்பானியரும் பாணைப் ‘பான்’ என்பர்; அவர்களும் நாமும் அச்சொல்லைப் போர்த்துக்கேயரிடமிருந்தே பெற்றோம்.)

பொறி வாங்கியோர் முதலில் நீரையும், அதன்மேல் மாவையும், உச்சியில் நீரும் உப்பும் படாதவாறு மதுவத்தையும் இடுக. பொறி சுழலுங்கால் தானே சூடேறுமாதலின் குளிர்நீரே தகும். ஐந்து நிமிடங் கழித்துத் திறந்து பார்க்க. மா கலத்தின் பக்கங்களில் ஒட்டின் ஒரு கரண்டி மாவும், உதிரின் ஒரு கரண்டி நீருஞ் சேர்க்க. இடையில் மின்சாரம் நின்றுவிட்டால் மாவை வீசிவிடற்க. வேகத் தொடங்குமுன் வெளியே எடுத்து, கையாற் பிசைந்து, மேற்கூறியவாறு தணலிற் சுடலாம்.