நீதி மன்றத்திலிருந்து கஞ்சித் தொட்டி வரை

மாயூரம் என்னும் பெயர் 1982-ஆம் ஆண்டில் மயிலாடுதுறை என மாற்றப்பட்டது. 2020-இல் அவ்வூர் ஒரு மாவட்டத்தின் தலைநகராகவும் உயர்ந்தது. ஆயினும் அதன் பழைய பெயரைத் தம் பெயரோடு பிரிக்க இயலாதவாறு பிணைத்துக்கொண்ட பெருமகனார் ஒருவர் உண்டு. 'மாயூரம் முனிசீப்பு வேதநாயகம் பிள்ளை' என்றே தமிழுலகம் அவரை இன்றும் வழங்குகிறது.

அவர் யார் என்று பள்ளிச் சிறுவனைக் கேட்டால், தமிழின் முதல் நாவலை எழுதியவர் என்பான். அவ்விடை சரியே, ஆனால் முழுமையானதன்று. அவர் காலத்து மாயூரத்து மக்கள் அவரை வழக்குத் தீர்க்கும் நடுவராகவும், நகராட்சி மன்றத் தலைவராகவும், பஞ்சத்தில் கஞ்சி வார்த்த கொடையாளராகவும் அறிந்திருந்தனர். அவர் குருவானவரல்லர், துறவியுமல்லர், நம் போன்ற பங்குகளில் பிறந்து வளர்ந்த ஓர் இல்லறத்தார். ஆகவேதான் அவருடைய வாழ்வும் மரணமும் நம் குடும்பங்களில் எடுத்துப் பேசப்பட வேண்டியவை என எண்ணுகிறேன்.

குளத்தூரில் பிறந்த குழந்தை

திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் 1826-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ஆம் நாள், சவரிமுத்துப் பிள்ளைக்கும் ஆரோக்கிய மரி அம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார் வேதநாயகம். தியாகராச பிள்ளை என்பவரிடம் தமிழும் ஆங்கிலமும் கற்றார். திருச்சிராப்பள்ளி நீதி மன்றத்தில் ஆவணக் காப்பாளராகப் பணியில் அமர்ந்து, மொழிபெயர்ப்பாளராக உயர்ந்தார். பின்னர் தரங்கம்பாடியில் முனிசீப்பு ஆனார். டேனியரிடமிருந்து 1845-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் விலைக்கு வாங்கிய துறைமுக ஊர் அது. அங்கிருந்து சீர்காழிக்கும், அதன்பின் மாயூரத்துக்கும் மாற்றலாகி, மாயூரத்திலேயே நெடுங்காலம் பணியாற்றினார்.

அந்நிய ஆட்சியில் முனிசீப்பு பதவி என்பது ஊராருக்குப் பேரதிகாரம் பொருந்திய பதவி. நிலத் தகராறும், கடன் வழக்கும், பாகப் பிரிவினையும் அவர் முன்னர் வரும். கையூட்டுக் கொடுத்தால் நியாயத்தை விலைக்கு வாங்கலாம் என்று மக்கள் நம்பிய காலமும் அதுவே. அத்தகைய சூழலில் அமர்ந்துகொண்டு, கைக்கூலி வாங்குவதைக் கண்டித்துத் தம் 'நீதி நூல்' என்னும் செய்யுள் நூலில் தனி அதிகாரமே பாடினார் அவர். பிறருக்கு உபதேசித்துவிட்டுத் தாம் கைநீட்டியிருப்பாராயின், ஊர் அவரை மன்னித்திருக்குமா? அவருடைய சொல்லை மக்கள் மதித்தமைக்குக் காரணம், அச்சொல்லுக்குப் பின்னால் அவருடைய வாழ்க்கை நின்றமையே.

நீதி மக்களின் மொழியில் வழங்கப்பட வேண்டும் என்பது அவருடைய மற்றொரு கொள்கை. வாதியும் தமிழன், பிரதிவாதியும் தமிழன், நடுவரும் தமிழர்; வழக்கறிஞர் மட்டும் ஆங்கிலத்தில் வாதிப்பதால் யாருக்கு என்ன பயன் என்று வினவினார். உயர் நீதி மன்றத்தின் தீர்ப்புகள் ஆங்கிலத்தில் மட்டுமே கிடைத்த நாளில், 1805 முதல் 1861 வரையிலான தீர்ப்புகளைத் தமிழில் சுருக்கித் தந்தார். 'சித்தாந்த சங்கிரகம்' என்னும் அந்நூல், சட்டம் அறியாமையால் ஏமாறும் எளியவனுக்கு அவர் ஏற்றிவைத்த விளக்கு.

பதவியை இழந்தபின்

1872-ஆம் ஆண்டில் அவர் பதவியிலிருந்து விலகினார். உடல் நலிவும், மேலதிகாரி ஒருவரோடு நேர்ந்த மனக்கசப்பும் அதற்குக் காரணம் என்பர். நாற்பத்தைந்து வயதில் பெரும் பதவியை விட்டு இறங்குவது எவருக்கும் எளிதன்று. பதவி போனபின் மதிப்பும் போய்விடும் மனிதரை நாம் கண்டிருக்கிறோம். வேதநாயகர் வாழ்விலோ அதன் பின்னரே சிறப்பு மிகுந்தது. மாயூரம் நகராட்சி மன்றத்தின் தலைவராக ஊர்ப்பணி செய்தார். பெண்கள் கல்வி பெறவேண்டும் என்பதற்காக, பதவியில் இருந்தபோதே 'பெண்மதி மாலை' பாடியிருந்தார். 1879-இல் 'பிரதாப முதலியார் சரித்திரம்' வெளிவந்தது. தமிழில் உரைநடை நூல்கள் இல்லாத குறையைப் போக்கவே அதனை எழுதினார். அக்கதையில் கணவனைக் காட்டிலும் மதிநுட்பம் வாய்ந்தவளாக விளங்கி, ஆண்வேடத்தில் அரசாளவும் செய்கிறாள் ஞானாம்பாள். பெண் குழந்தைக்கு எழுத்தறிவு எதற்கு என்று கேட்ட சமுதாயத்துக்கு அவர் அளித்த விடை அவள்.

தாது ஆண்டுப் பஞ்சம்

அவருடைய விசுவாசம் புடமிடப்பட்ட வேளையும் வந்தது. 1876 முதல் 1878 வரை தென்னகத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. மழை பொய்த்தது, விளைச்சல் அற்றது, தானிய விலை ஏறியது. ஏழையின் கையில் வாங்கப் பணமில்லை. நிவாரண வேலைக்குச் சென்றவனின் ஒருநாள் தானியப் படியை ஒரு பவுண்டாகக் குறைக்குமாறு 1877-இல் அரசின் தூதராக வந்த ரிச்சர்டு டெம்பிள் கட்டளையிட்டார். வேலை செய்யும் உடலுக்கு அது போதாதென்று மருத்துவ அதிகாரிகளே எதிர்த்தனர். பஞ்சத்தாலும் அதனைத் தொடர்ந்த நோய்களாலும் மாண்டோர் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் என மதிப்பிடுவர்.

காவிரிப் பாசனம் பெற்ற தஞ்சைப் பகுதி மற்ற இடங்களைப்போல் அழியவில்லை. அதனாலேயே எலும்பும் தோலுமாக மக்கள் அங்கே வந்து குவிந்தனர். அப்போது வேதநாயகர் என்ன செய்தார்? ஓய்வு பெற்றவன் நான், இது அரசாங்கத்தின் கடமை என்று கதவை அடைத்துக்கொள்ளவில்லை. தம் பொருளைச் செலவிட்டுக் கஞ்சித் தொட்டிகள் திறந்து பசித்தவர்களுக்கு உணவளித்தார். கேட்டு வந்தவனின் சாதியையும் சமயத்தையும் அவர் விசாரிக்கவில்லை. திருவாவடுதுறை ஆதீனத்தின் சுப்பிரமணிய தேசிகரும் பசிப்பிணி நீக்க முன்வந்தபோது, அச்சைவத் துறவியை இக்கத்தோலிக்கர் மனமாரப் புகழ்ந்து பாடினார். 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை' இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியாரோ, வேதநாயகரின் கொடையைக் கண்டு உருகி, அவர்மீதே கீர்த்தனை ஒன்று பாடினார். சிவபெருமானைப் பாடிப் பழகிய நா, பசித்தவனுக்குச் சோறிட்ட கிறிஸ்தவனைப் பாடியது! இதனினும் சிறந்த சாட்சியம் வேறென்ன வேண்டும்?

ஓர் ஐயமும் விடையும்

அவருடைய நண்பர் குழாமில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை முதலிய சைவப் பெரியோர் பலர் இருந்தனர். மகாவித்துவான் அவர்மீது 'குளத்துக்கோவை' என்னும் நூலே பாடினார். 1878-இல் வேதநாயகர் 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை' வெளியிட்டார். எச்சமயத்தவரும் பாடத்தக்க வகையில் ஒரே கடவுளைப் போற்றும் பாடல்கள் அவை. இதைக் கொண்டு, அவர் தம் விசுவாசத்தில் தளர்ந்தவரோ என ஐயுறுவாரும் உண்டு.

அன்பர்களே, அவருடைய மற்ற நூல்களையும் நோக்குங்கள். தேவ அன்னைக்கு அந்தாதி பாடியவர் அவர். 'திருவருள் மாலை' பாடியவர் அவர். வாழ்வின் அந்திவேளையில் 'சத்திய வேதக் கீர்த்தனை' தந்தவரும் அவரே. தன் வீட்டின் அத்திவாரம் உறுதியாக இருக்கிறது என்று அறிந்தவனே அயலானுக்கு அஞ்சாமல் கதவைத் திறந்து வைக்கிறான். பிற சமயத்தாரோடு உரையாடுமாறு இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் நம்மை அழைத்தது. அதற்கு ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே, மாயூரத்துத் திண்ணையில் ஒரு பொதுநிலை விசுவாசி அவ்வாறு வாழ்ந்து காட்டினார்.

இறுதி யாத்திரை

1889-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 21-ஆம் நாள், தம் அறுபத்திரண்டாம் வயதில் வேதநாயகம் பிள்ளை இறைவனடி சேர்ந்தார். முனிசீப்பின் நாற்காலியில் அவருக்குப் பின் பலர் அமர்ந்தனர். நகராட்சித் தலைவர்களும் பலர் வந்து போயினர். அவர்களுள் எத்தனை பேரின் பெயர் இன்று நம் நினைவில் நிற்கிறது? பதவி தந்த பெருமை பதவியோடே போய்விடுகிறது. கையூட்டை மறுத்த கையும், கஞ்சி வார்த்த கையும் மட்டுமே மறக்கப்படுவதில்லை.

இறுதித் தீர்ப்பு நாளில் நம் ஆண்டவர் கேட்கவிருக்கும் வினாக்களை மத்தேயு நற்செய்தியின் இருபத்தைந்தாம் அதிகாரம் நமக்கு முன்கூட்டியே அறிவித்துவிட்டது. என்ன பதவி வகித்தாய் என்று அவர் கேட்கப் போவதில்லை. பசித்தவனாக நான் வந்தபோது என்ன செய்தாய் என்றே கேட்பார். பலருடைய வழக்குகளைத் தீர்த்த அந்நடுவர், நடுவருக்கெல்லாம் நடுவரான இறைவன்முன் சென்று நின்றபோது, அவர் சார்பில் சாட்சி சொல்ல மாயூரத்துத் தெருக்களில் பசியாறிய ஏழைகள் இருந்திருப்பர் என நம்புகிறேன்.

நம் குடும்பங்களிலும் அதிகாரிகள் இருக்கிறார்கள், ஆசிரியர்கள் இருக்கிறார்கள், வழக்கறிஞர்களும் ஊர்ப் பெரியவர்களும் இருக்கிறார்கள். இன்றிரவு செபமாலை முடிந்தபின், பிள்ளைகளை அருகில் அமர்த்தி இப்பெரியவரின் வரலாற்றைச் சொல்லுங்கள். சொல்லி முடித்ததும், நமக்காகச் சாட்சி சொல்லப் போகிறவர் யார் என்று நம்மை நாமே ஒருமுறை கேட்டுக்கொள்வோம்.